பதினைந்து நாளில் சரிந்த இருபத்துமூன்று ஆண்டுகள்: ஹெஷென் வழக்கு

1799 பிப்ரவரி 7ஆம் நாள், பெய்ஜிங் அரண்மனையில் சிங் வம்சத்தின் முடிதுறந்த மூத்த பேரரசர் சியான்லோங் தமது 87ஆம் வயதில் காலமானார். அன்று சீனத்தில் பேரரசருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டவர் ஹெஷென். நாட்டின் வருவாய்த் துறை, அதிகாரிகளின் நியமனம், அரண்மனையின் சொந்தக் கஜானா, தலைநகரின் ஒன்பது வாயில்களைக் காக்கும் காவற்படை என எதைத் தொட்டாலும் கடைசியில் அவர் கையெழுத்தில்தான் போய் நின்றது. பதினைந்து நாள் கழித்து, பிப்ரவரி 22ஆம் நாள், அதே ஹெஷென் சிறையில் வெண்பட்டுத் துணியில் கழுத்தை மாட்டி உயிரை விட்டார். அந்தப் பட்டைக் கொடுத்தனுப்பியவர் புதிய பேரரசர் ஜியாசிங். இடைப்பட்ட இரண்டு வாரங்களில் ஹெஷெனுக்காக ஒரு படைப்பிரிவும் அசையவில்லை. அவரால் பதவி பெற்ற மாகாண ஆளுநர்களில் எவரும் எதிர்க்குரல் எழுப்பவில்லை. மாறாக, அவரை அணுஅணுவாக வெட்டிக் கொல்ல வேண்டும் என்று முந்திக்கொண்டு எழுதியவர்கள் இருந்தார்கள்.

சீன வரலாற்றில் ஊழல் அதிகாரி என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இவருடையது. முதுமையில் அறிவு மங்கிய பேரரசரை ஏமாற்றி நாட்டைச் சுரண்டிய கயவன் என்பதே பரவலான சித்திரம். ஆவணங்களை நெருங்கிப் பார்க்கும்போது அந்தச் சித்திரம் பாதிதான் பொருந்துகிறது. ஹெஷென் திருடியது உண்மை. ஆனால் அவர் பேரரசரின் பணப்பைக்கு வெளியே நின்று திருடியவர் அல்லர்; அந்தப் பையை நிரப்பித் தரவே அமர்த்தப்பட்டவர். அவர் எழுந்த வேகத்துக்கும் விழுந்த வேகத்துக்கும் காரணம் அந்த ஒரே வேலைதான் என்பதே இந்த ஆய்வின் வாதம்.

காவலன் ஏறிய படிகள்

ஹெஷென் 1750இல் பிறந்தார். சிங் வம்சத்தை நிறுவிய மஞ்சு இனத்தின் நியோஹுரு குலம். குடும்பம் மஞ்சுப் படை அமைப்பின் எட்டுக் கொடிப்படைகளுள் ஒன்றான செங்கொடிப் பிரிவைச் சேர்ந்தது. தந்தை ஃபூஜியான் மாகாணத்தில் படை அதிகாரியாக இருந்தவர். தாய் சிறு வயதிலேயே இறந்தார். ஏறக்குறைய பத்து வயதாகும்போது தந்தையும் போய்ச் சேர்ந்தார். பரம்பரைப் பட்டம் இருந்தது, கையில் காசில்லை. ஆயினும் கொடிப்படைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென அரண்மனை வளாகத்தில் நடந்த ஷியானான் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. மஞ்சு, சீனம், மங்கோலியம், திபெத்தியம் ஆகிய நான்கு மொழிகளிலும் அவருக்குப் பயிற்சி வாய்த்தது இங்கேதான். பின்னாளில் திபெத், நேபாளப் போர்கள் தொடர்பான ஆணைகளை எழுதும்போது இந்த மொழித்திறனைச் சியான்லோங் தம் கைப்படப் பாராட்டினார். முகத்துதியால் மட்டுமே மேலே வந்தவர் என்று இவரைத் தள்ளிவிட முடியாததற்கு இது முதல் சான்று.

18 வயதில், செல்வாக்குள்ள மூத்த அதிகாரியான யிங்லியானின் பேத்தியை மணந்தார். அரசுத் தேர்வில் அவர் தேறவில்லை. 1772இல் மூன்றாம் தரக் காவலராக அரண்மனைப் பணியில் சேர்ந்தார். அதாவது பேரரசரின் பல்லக்குக்குப் பக்கத்தில் நடக்கும் வேலை.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. ஒருநாள் பல்லக்கில் இருந்தபடியே ஒரு கைதி தப்பிய செய்தியைப் படித்த சியான்லோங், கன்பூசியஸின் உரையாடல்களிலிருந்து ஒரு வரியை முணுமுணுத்தாராம்: கூண்டிலிருந்து புலி தப்பினால், பெட்டிக்குள் இருந்த பச்சைக்கல் உடைந்தால், அது யார் குற்றம்? சுற்றியிருந்த காவலர்கள் விழிக்க, ஹெஷென் மட்டும், காவலுக்கு நின்றவன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று உரைநூலின் விளக்கத்தையே பதிலாகச் சொன்னாராம். இது நடந்ததற்கு அரசாவணம் ஏதுமில்லை. பிற்காலத்தவர் சுவைக்காகச் சேர்த்ததாகவும் இருக்கலாம். ஆனாலும் கதையைக் கட்டியவருக்குக் கூர்மையான மூளை. வழக்கின் மையக் கேள்வியை முதல் காட்சியிலேயே வைத்துவிட்டார்.

கதை எப்படியோ, ஆண்டுகள் தெளிவாக இருக்கின்றன. 1775இல் ஹெஷென் பேரரசரின் நேரடிக் காவலரானார். 1776இன் முதல் மாதத்தில் வருவாய் வாரியத்தின் துணைத் தலைவர். மூன்றாம் மாதத்தில் நாட்டின் உச்ச ஆலோசனை மன்றமான மந்திராலோசனைச் சபையின் உறுப்பினர். நான்காம் மாதத்தில் அரண்மனை உள்துறையின் அமைச்சர். அப்போது அவருக்கு வயது 26. சியான்லோங்குக்கு 65. தேர்வெழுதித் தேறி, மாகாணம் மாகாணமாக முப்பது ஆண்டு தேய்ந்து அந்தச் சபைக்கு வந்து சேர்ந்த கிழவர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களில் தலைமையானவர் படைத்தலைவர் ஆகுய். இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே சபையில் அமர்ந்தார்கள். தேவைக்கு மேல் ஆகுய் அவரோடு பேசியதில்லை என்பது அக்காலத்தவர் குறிப்பு.

1780இல் ஹெஷெனின் திறமை வெளிப்பட்டது. யுன்னான், குய்ஜோ மாகாணங்களின் தலைமை ஆளுநர் லீ ஷியாவ் லஞ்சம் வாங்கினார் என்ற புகாரை விசாரிக்க அவரைப் பேரரசர் அனுப்பினார். லீ சாமானியரல்லர், பேரரசரே திறமைசாலி என்று புகழ்ந்தவர். ஹெஷென் அவரைத் தொடாமல், அவர் வீட்டு மேலாளரைப் பிடித்து விசாரித்து, கணக்கை வெளியே கொண்டுவந்தார். பதவி உயர்வு உடனே வந்தது. வருவாய் வாரியத்தின் தலைவரானார். அதே ஆண்டில் சியான்லோங் தம் செல்ல மகளான பத்தாம் இளவரசியை ஹெஷெனின் மகனுக்கு நிச்சயம் செய்தார். லீ ஷியாவ் மரணதண்டனைக்கு உரியவர் என்று தீர்ப்பாகியும், பேரரசர் அவரைக் கொல்லவில்லை. சில காலத்தில் மீண்டும் பதவியில் அமர்த்தினார். ஹெஷென் இந்த வழக்கிலிருந்து கற்றது என்ன என்று ஊகிப்பது கடினமன்று. குற்றம் செய்த திறமைசாலியைப் பேரரசர் இழக்க விரும்பவில்லை. அப்படியானால் தண்டனைக்கும் மன்னிப்புக்கும் நடுவில் ஒரு விலை இருக்கிறது.

தண்ட வெள்ளி

அந்த விலைக்கு ஒரு பெயரும் ஓர் அலுவலகமும் உண்டாயின. தவறு செய்த ஆளுநர், உப்பு வாரிய அதிகாரி, சுங்க அதிகாரி ஆகியோர் தம் குற்றத்தைத் தாமே எடைபோட்டு, இவ்வளவு வெள்ளி தண்டம் கட்டுகிறேன் என்று எழுதித் தரும் முறை அது. தொகை பெரும்பாலும் சில பத்தாயிரம் தேல் முதல் சில லட்சம் தேல் வரை இருந்தது. ஒரு தேல் என்பது ஏறக்குறைய 37 கிராம் வெள்ளி. இந்தப் பணத்தின் பெரும்பகுதி நாட்டின் பொதுக் கருவூலத்துக்குப் போகவில்லை. அரண்மனை உள்துறைக்கு, அதாவது பேரரசரின் சொந்தச் செலவுக்குப் போனது. கணக்கு இரகசியப் பதிவேட்டில் எழுதப்பட்டது. பொறுப்பாளர்கள் ஹெஷெனும் அவருடைய கூட்டாளி ஃபூசாங்ஆனும்.

இதன் பொருளாதாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆளுநர் ஒருவரின் முறையான ஊதியமும், லஞ்சம் வாங்காமலிருக்க அரசு தந்த ஒழுக்கப்படியும் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் தேல் முதல் இருபதாயிரம் தேல் வரைதான். அவர் எண்பதாயிரம் தேல் தண்டம் கட்டினால், அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கீழுள்ள மாவட்ட அதிகாரியிடமிருந்து. அவருக்கு? மாகாணக் கருவூலத்திலிருந்தோ, உழவரின் வரியிலிருந்தோ. ஆக, ஒரு குற்றத்துக்குத் தண்டம் கட்ட அதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்தாக வேண்டும். அந்தக் குற்றம் வெளிப்பட்டால் மறுபடியும் தண்டம். பேரரசருக்கு இது இரட்டை லாபம்: திறமையான அதிகாரி பதவியிலேயே இருப்பார், அரண்மனைக்கு வெள்ளியும் வரும். சியான்லோங்கின் காலம் பெருஞ்செலவின் காலம். தெற்குச் சுற்றுப்பயணங்கள், 1790இல் நடந்த (சீன வயதுக் கணக்கில்) எண்பதாம் பிறந்தநாள் விழா, ஓயாத கட்டட வேலைகள் எல்லாவற்றுக்கும் அரண்மனை உள்துறை ஈடுகொடுத்தது. முந்தைய காலத்தில் அத்துறைக்குப் பற்றாக்குறை வரும்போது பொதுக் கருவூலத்தில் கைநீட்ட வேண்டியிருந்தது. ஹெஷெனின் நிர்வாகத்தில் அத்துறை மிச்சம் காட்டியது. பெய்ஜிங்குக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வாங்கும் சோங்வென்மென் வாயில், கான்டன் சுங்கம், உப்பு வணிகர்களின் அன்பளிப்பு, மஞ்சூரியாவின் ஜின்செங் வேர் விற்பனை என எங்கெல்லாம் அரண்மனைக்கு ஊற்று இருந்ததோ அங்கெல்லாம் அவர் ஆள் இருந்தார், அல்லது அவரே இருந்தார். ஊற்றிலிருந்து அரண்மனைத் தொட்டிக்குப் போகும் வழியில் அவருடைய குடமும் நிரம்பியது. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலிருப்பானா என்பார்கள். இவர் நக்கியது புறங்கை அளவன்று, அடையில் ஒரு பங்கு.

இதை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1782இல் கண்காணிப்பு அதிகாரி சியான் ஃபெங், ஷான்டோங் ஆளுநர் குவோதாய்மீது புகார் கொடுத்தார். குவோதாய் ஹெஷெனுக்கு வேண்டியவர். விசாரணைக்குழு வருவது முன்கூட்டித் தெரிந்து, வணிகர்களிடம் கடன் வாங்கிய வெள்ளியைக் கருவூலத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கட்டிகள் ஒரே அளவாக இல்லாமல் பலவிதமாக இருப்பதைக் கண்ட குழு சந்தேகப்பட்டது. அரசு வெள்ளி ஒரே அளவில் வார்க்கப்படுவது. உண்மை வெளிப்பட்டு, குவோதாய் உயிரை மாய்த்துக்கொள்ளப் பணிக்கப்பட்டார். ஹெஷெனுக்கு இதனால் எந்தக் கேடும் வரவில்லை.

1786இல் சாவ் ஷிபாவ் என்ற கண்காணிப்பு அதிகாரி எஜமானரை விட்டுவிட்டு வேலையாளைப் பிடித்தார். ஹெஷென் வீட்டு மேலாளர் லியூ சுவான் தன் தகுதிக்கு மீறிய மாளிகையும் உடையும் வண்டியும் வைத்திருக்கிறான். இவ்வளவு பணம் இவனுக்கு எப்படி வந்தது என்பது கேள்வி. அனுப்புமுன் மனுவைத் தம் நண்பர் ஊ ஷெங்சினிடம் காட்டினார். நண்பர் அதே இரவில் ஹெஷெனுக்கு ஆளனுப்பினார். பேரரசரும் ஹெஷெனும் அப்போது கோடை அரண்மனை இருந்த ஜெஹோலில் இருந்தார்கள்; பெய்ஜிங்கில் லியூ சுவானின் அளவுமீறிய கட்டடம் இடிக்கப்பட்டு, உடைகளும் வண்டியும் மறைக்கப்பட்ட பிறகே விசாரணை வந்தது. எதுவும் கிடைக்கவில்லை. கேள்விப்பட்டதை நம்பி எழுதிவிட்டேன் என்று சாவ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பதவி பறிக்கப்பட்டு, அதே வேலையில் தண்டனைக்காலம் கழித்தார். ஊ ஷெங்சினும் அவர் தம்பி ஊ ஷெங்லானும் ஹெஷெனின் ஆட்கள். இதில் தம்பி ஒருகாலத்தில் ஷியானான் பள்ளியில் ஹெஷெனுக்கு ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் தம் மாணவரையே ஆசான் என்று அழைத்து வணங்கினார்.

தண்ட வெள்ளியை நேராகவே தாக்கியவர் 1790இல் யின் ஜுவாங்து என்ற அதிகாரி. இந்த முறையால் மாகாணக் கருவூலங்கள் காலியாகிவிட்டன, நல்ல அதிகாரிகூடக் கீழுள்ளவரிடம் கையேந்த வேண்டியிருக்கிறது என்று எழுதினார். சியான்லோங்குக்கு வந்த கோபம், தம் ஆட்சியைக் குறை சொன்னவர்மீது வரும் கோபம். சரி, நீயே போய்ப் பார் என்று ஆணையிட்டு, கூடவே ஓர் உயர் அதிகாரியையும் அனுப்பினார். யின் தம் சொந்தச் செலவில் பயணம் செய்ய வேண்டும். அவர் எந்த ஊருக்கு வருகிறார் என்ற அறிவிப்பு முன்னதாகவே விரைவஞ்சலில் போய்விடும். ஒவ்வொரு ஊரிலும் கருவூலம் நிறைந்திருந்தது. ஊர்தோறும் விருந்துண்டு காத்திருந்து, கணக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதி எழுதி, கடைசியில் தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பேரரசரிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த நிகழ்வில் ஹெஷெனுக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நாடகத்தின் இயக்குநர் பேரரசரேதான்.

ஓர் ஆங்கில மருத்துவரும் ஒரு நாற்காலியும்

1793இல் பிரிட்டிஷ் தூதுக்குழு வந்தது. தலைவர் மெக்கார்ட்னி பிரபு. 1781 முதல் 1785 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் இவரே. ஆற்காட்டு நவாபின் கடன்களையும், அக்கடனில் கொழுத்த கம்பெனிக்காரர்களையும் அருகிலிருந்து பார்த்த மனிதர். அரசவைக் காசு எந்த வழியில் ஓடும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெஹோலில் அவரை எதிர்கொண்டு, தோட்டங்களைச் சுற்றிக்காட்டி, வணிகக் கோரிக்கையைப் பேச்சு வரும்போதெல்லாம் நளினமாக நழுவவிட்டவர் ஹெஷென். நாற்பதைக் கடந்த, வெளிர்நிறமுள்ள, அழகான, சரளமாகப் பேசும் மனிதர் என்று மெக்கார்ட்னி நாட்குறிப்பில் எழுதினார்.

ஒருநாள் தூதுக்குழுவின் மருத்துவர் கில்லானை ஹெஷென் தம்மிடம் அழைத்தார். உடல் வலி; சீன வைத்தியர்களின் ஊசி மருத்துவம் பயனளிக்கவில்லை. கில்லான் பரிசோதித்து, இரண்டு நோய்கள் என்றார்: ஒன்று மூட்டுவாதம், இன்னொன்று குடலிறக்கம். கேட்டவர் வியந்து, விளக்கத்தை எழுதித் தரச் சொல்லி, பட்டு கொடுத்து அனுப்பினார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை இங்கே எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகள் கழித்து வெளியான குற்றப்பட்டியலில் ஒரு குற்றம் இது: கால் நோயைக் காரணம் காட்டி, பெரிய நாற்காலிப் பல்லக்கில் அமர்ந்து அரண்மனைக்குள் வந்தான், ஷென்வூமென் வாயிலில் பல்லக்கிலேயே போய்வந்தான், எல்லாரும் பார்க்க, அச்சமின்றிச் செய்தான். நோய் உண்மை, அதற்கு ஓர் அயல்நாட்டு மருத்துவரின் சான்று இருக்கிறது. மூத்த பேரரசர் உயிரோடிருந்தவரை அந்த நாற்காலியை யாரும் தடுக்கவும் இல்லை. நாற்காலி மாறவில்லை, கால் வலியும் மாறவில்லை. அதைச் சலுகையென்று பார்த்த கண் மூடியது. குற்றமென்று பார்த்த கண் திறந்தது.

இரண்டு பேரரசர்கள்

தம் பாட்டனார் காங்சி ஆண்ட 61 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்ற உறுதியோடு இருந்த சியான்லோங், 60 ஆண்டு நிறைந்ததும் 1796இல் முடியைத் துறந்தார். பதினைந்தாம் மகன் ஜியாசிங் பேரரசரானார். வாரிசு யார் என்ற அறிவிப்புக்கு முந்தைய நாளே ஹெஷென், மங்கலப் பரிசான ரூயி என்ற பச்சைக்கல் கோலை இளவரசருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். உம்மைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் பங்குண்டு என்பதற்கான குறிப்பு அது. பின்னாளில் சாட்டிய இருபது குற்றங்களில் முதலாவதாக ஜியாசிங் எழுதியது இந்தப் பரிசைத்தான்.

துறவு பெயரளவில்தான். மூத்தவர் அரண்மனையை விட்டுப் போகவில்லை. முடிவுகள் அவரிடமிருந்தே வந்தன. நினைவு தடுமாறும் வயது. பேச்சும் சரியாகப் புரியாது. அவர் முணுமுணுப்பதைப் புரிந்து ஆணையாக்கித் தருபவர் ஹெஷென் ஒருவரே. இந்த மூன்று ஆண்டுகளில் ஹெஷெனின் அதிகாரம் உச்சத்தைத் தொட்டது. 1797இல் ஆகுயும் இறந்தார். பேரரசர் ஜியாசிங்குக்குக் கவிதை நகலெழுத உதவியாளராக ஊ ஷெங்லான் நியமிக்கப்பட்டார். எழுதுவதைவிடப் பார்ப்பதே அவர் வேலை. ஜியாசிங்கின் பழைய ஆசிரியர் ஜூ குய் தலைநகருக்குத் திரும்புவதை ஹெஷென் தடுத்தார். இதற்கெல்லாம் ஜியாசிங் வாய் திறக்கவில்லை. தந்தையிடம் சொல்ல வேண்டியதைக்கூட ஹெஷென் வழியாகவே சொல்லியனுப்பினார். அருகிலிருந்தவர் யாராவது ஹெஷெனைக் குறை சொன்னால், நாட்டை நடத்த நான் அவரைத்தான் நம்பியிருக்கிறேன் என்பாராம். 36 வயதுக்காரர் ஒருவர் மூன்று ஆண்டு இப்படி இருப்பது பொறுமையா அச்சமா என்று அப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை; ஹெஷெனாலும் முடியவில்லை. அவர் செய்த ஒரே பெரிய கணக்குப் பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

அதே 1796இல் ஹூபே, சிச்சுவான், ஷான்ஷி மலைப்பகுதிகளில் வெண்தாமரைக் கிளர்ச்சி வெடித்தது. வரிச்சுமையும் உள்ளூர் அதிகாரிகளின் கொடுமையும் தூண்டிய கிளர்ச்சி. தளபதிகள் பொய் வெற்றிகளை எழுதியனுப்பினார்கள். போர்ச்செலவுப் பணம் வழியிலேயே கரைந்தது. மூத்தவருக்கு மனம் நோகும் என்று அறிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டன.

பதினைந்து நாட்கள்

பிப்ரவரி 7: மூத்தவர் மரணம். பிப்ரவரி 8: ஹெஷெனும் ஃபூசாங்ஆனும் இரவுபகலாகச் சவப்பெட்டியருகே காவலிருந்து துக்கம் காக்க வேண்டும் என்று ஆணை. கேட்பதற்குப் பெருமை. அதே ஆணையில் படைப்பொறுப்புகள் பறிக்கப்பட்டன. ஒன்பது வாயில்களின் காவற்படை அவர் கையிலிருந்து போனது. எஜமானரின் உடலருகே உட்கார்ந்திருப்பவர் வெளியே யாருக்கும் செய்தியனுப்ப முடியாது. எழுந்து போனால் நன்றிகெட்டவர் ஆவார். இதைவிட நேர்த்தியான சிறையைக் கட்டியிருக்க முடியாது. அன்றே வெளியான மற்றோர் ஆணை, வெண்தாமரைப் போரில் பொய்க்கணக்கு எழுதிய தளபதிகளைச் சாடியது; யாரைக் குறிவைத்து என்பது படித்தவர்களுக்குப் புரிந்தது. அடுத்த நாள் மொழியறிஞரும் கண்காணிப்பு அதிகாரியுமான வாங் நியான்சுன் முதலியோர் குற்றச்சாட்டு மனுக்களைக் கொடுத்தார்கள். பிப்ரவரி 12ஆம் நாள் ஹெஷென் கைதானார். இனி எந்த மனுவும் மந்திராலோசனைச் சபைக்கு நகல் போகாமல் நேராகப் பேரரசரிடம் வர வேண்டும் என்ற ஆணையும் அந்நாட்களிலேயே வந்தது.

இருபது குற்றங்களின் பட்டியலை வரிவரியாகப் படித்தால் ஒன்று தெரிகிறது. அதில் பெரும்பகுதி மரியாதைக் குற்றங்கள். குதிரையேறி யுவான்மிங்யுவான் மாளிகைத் தோட்டத்துக்குள் போனது. மூத்தவர் நோயுற்றிருந்தபோது வெளியே வந்து சிரித்துப் பேசியது. அவர் கை நடுங்கி எழுதிய குறிப்பு தெளிவாக இல்லை என்று, கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றது. அரண்மனையிலிருந்து வந்த பெண்ணைத் துணைவியாக வைத்துக்கொண்டது. அரண்மனையின் நிங்ஷோ மாளிகையைப் பார்த்து நான்மு மரத்தில் வீடு கட்டியது. ஊரார் ஹெ பேரரசர் கல்லறை என்று பெயர்வைக்கும் அளவுக்கு ஜிஜோவில் கல்லறை எழுப்பியது. பணம் வருவது கடைசிப் பகுதியில்தான்: 200க்கும் மேற்பட்ட முத்துக் காப்புகள், பேரரசரின் முடிமுத்தை விடப் பெரிய ஒரு முத்து, இரட்டைச் சுவருக்குள் 26,000 தேலுக்கும் மேற்பட்ட தங்கம், அதாவது ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு, தனிக்கிடங்கில் மேலும் 6,000 தேல் தங்கம், நிலவறையில் பத்து லட்சம் தேலுக்குக் குறையாத வெள்ளி, தோங்ஜோவிலும் ஜிஜோவிலும் அடகுக்கடைகள். இருபதாவது குற்றம் லியூ சுவானின் சொத்து: 2,00,000 தேலுக்கு மேல். சாவ் ஷிபாவ் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. அவர் 1792இலேயே இறந்திருந்தார். ஜியாசிங் அவருக்கு மறைவுக்குப்பின் பதவி உயர்வு கொடுத்தார்.

பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. தண்ட வெள்ளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதினால், அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போனது என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.

மாகாணங்களிலிருந்து கருத்துக் கேட்டபோது, ஜிலி மாகாணத் தலைமை ஆளுநர் ஹூ ஜிதாங் ஹெஷெனை உடல் வெட்டிக் கொல்ல வேண்டும் என்றார். இளவரசி மாமனாருக்காகக் கண்ணீர்விட்டுக் கேட்டார். மூத்த அமைச்சர்களும் முன்னாள் முதலமைச்சருக்கு அந்த இழிவு வேண்டாம் என்றார்கள். பட்டுத்துணி என்ற சலுகை இப்படிக் கிடைத்தது. ஃபூசாங்ஆனை அழைத்து வந்து, மண்டியிட்டு அந்தச் சாவைப் பார்க்கச் செய்தார்கள். அவர் உயிர் பிழைத்தார். அடுத்த நாள், பிப்ரவரி 23ஆம் நாள், ஹெஷெனைச் சார்ந்திருந்த மற்றவர்களைத் தோண்டப்போவதில்லை என்று ஜியாசிங் அறிவித்தார். அதிகாரிகளில் பாதிப்பேரைச் சிறையில் தள்ளாமல் அதைச் செய்திருக்கவும் முடியாது. ஆனால் அந்த ஓர் அறிவிப்பில் வழக்கு ஒரு மனிதனின் கெட்ட குணமாகச் சுருங்கியது.

எண்பது கோடி என்ற எண்

ஹெஷெனின் சொத்து 80 கோடி தேல் என்றும், நாட்டின் பதினைந்து ஆண்டு வருவாய் என்றும் எழுதாதவர் இல்லை. ஹெஷென் விழுந்தார், ஜியாசிங் வயிறு நிறைந்தது என்ற சொலவடையும் பிறந்தது. அரசின் பதிவான ஆண்டு வருவாய் அப்போது ஏறக்குறைய 4 முதல் 5 கோடி தேல். கருவூல இருப்பு அதன் உச்சத்தில், 1770களின் பிற்பகுதியில், ஏறக்குறைய 8 கோடியைத் தொட்டது. ஒரு வீட்டில் அதைப்போல் பத்து மடங்கு இருந்தது என்றால், அடுத்த ஆண்டிலேயே ஜியாசிங்கின் கருவூலம் பொங்கி வழிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை, வெண்தாமரைப் போருக்கே பணம் போதாமல் பதவிகளை விற்க நேர்ந்தது. பரவலாக வலம்வரும் அந்தப் பட்டியல்கள் அரசாவணங்கள் அல்ல. வாய்வழிக் கதைகளிலிருந்து பிற்காலத்தில் தொகுத்தவை.

அக்காலத்திலேயே இந்த ஐயம் எழுந்தது. கிடைத்த வெள்ளி குறைவு, எங்கோ புதைந்திருக்கிறது, கிடங்கைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரப் பெண்களை விசாரிக்க அனுமதி தாருங்கள் என்று சாபின்து என்ற அதிகாரி மறுபடியும் மறுபடியும் எழுதினார். ஜியாசிங் எரிந்து விழுந்தார்: ஹெஷென் மாண்டது பணத்துக்காக அல்ல, நாட்டைக் கெடுத்ததற்காக, என்னைப் பணப்பேய் ஆக்காதே. நேர்மையான கோபமா, இல்லை, கணக்கு வெளிவந்தால் வேறு யார் யார் பெயரெல்லாம் வரும் என்ற எச்சரிக்கையா? இரண்டும் கலந்திருக்கலாம்.

ரூயி பரிசுகளை ஜியாசிங் அதே ஆண்டில் தடைசெய்தார். ரூயி என்ற சொல்லுக்கு நினைத்தபடி என்று பொருள். நீங்கள் இதை நினைத்தபடி என்கிறீர்கள், எனக்கு இது நினைத்தபடி இல்லை என்று ஆணையிலேயே சிலேடை போட்டார். ஹெஷெனின் முதல் குற்றம் அவர் மனத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் 1799 இலையுதிர்காலத்தில் ஹொங் லியாங்ஜி என்ற அறிஞர், களையெடுப்பு பாதியில் நின்றுவிட்டது, அந்தப் பழைய ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள், பேரரசரும் காலையில் தாமதமாக எழுகிறார் என்று எழுதியபோது, அவருக்கு மரணதண்டனை விதித்து, பின் தொலைமேற்கிலிருந்த இலி எல்லைக்கு நாடு கடத்தினார். சில மாதத்தில் வறட்சி வந்தபோது மன்னித்துத் திரும்ப அழைத்தார்.

பெய்ஜிங்கில் ஷிசாஹாய் ஏரிக்கருகே ஹெஷெனின் மாளிகை இன்றும் நிற்கிறது. பின்னாளில் இளவரசர் கோங் குடியிருந்ததால் அவர் பெயரில் அருங்காட்சியகமாகிவிட்டது. நிங்ஷோ மாளிகையைப் பார்த்துக் கட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நான்மு மரக்கூடத்தை இன்று யாரும் சென்று பார்க்கலாம். 1799இல் மாளிகையின் ஒரு பகுதி இளவரசிக்கும் அவர் கணவருக்கும் விடப்பட்டது. கணவர் 1810இல் இறந்தார், இளவரசி 1823 வரை அங்கேயே வாழ்ந்தார். மற்றப் பகுதி ஜியாசிங்கின் தம்பி யோங்லினுக்குப் போனது. சியான்லோங் யாருக்கு முடியைக் கொடுப்பார் என்று இளவரசர்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில், கடைசி மகனான யோங்லின் சொன்னாராம்: அரியணைகள் மழையாய்க் கொட்டினாலும் என் தலையில் ஒரு சொட்டும் விழாது, அண்ணன்மார்களே, உங்களில் யார் பேரரசர் ஆனாலும், ஹெஷெனின் வீட்டை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள்.